கொல்லைப்புறத்துக் குண்டுக்கரிச்சானை அறியும் விதம்

(கிராமவாசிகளுக்குச் செய்த பிரசங்கம்)



ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கைக்கிளியை அறியாதவர் எவருமில்லை. ஆனால், விடியற்காலையில் கொல்லை முருங்கையின் உச்சியிலோ ஓட்டு முகட்டிலோ அமர்ந்து சீழ்க்கையடிப்பதுபோல் இனிமையாய்ப் பாடும் பட்சி எது என்று கேட்டால், "ஏதோ ஒரு கரிச்சான்" என்பதோடு பலர் நின்றுவிடுவர். அதுவே குண்டுக்கரிச்சான். அதன் அருமை தெரியாமையாலேயே சிறுவர் அதன்மேல் கல்லெறிகின்றனர்.

அடையாளங்களாவன: அது கொண்டைக்குருவியளவு, வால் உட்பட சுமார் 7½ அங்குல நீளமுள்ளது. ஆணுக்குத் தலை, மார்பு, முதுகு யாவும் பளபளப்பான கருநிறம், வயிறு வெண்மை. மடக்கிய சிறகில் நீளவாட்டில் ஒரு வெள்ளைப்பட்டை தெரியும். வாலின் நடு இறகுகள் கறுப்பு; ஓர இறகுகள் வெள்ளை. வாலை அடிக்கடி மேல்நோக்கி நிமிர்த்தும். பெட்டைக்குக் கறுப்புக்குப் பதிலாகச் சாம்பல் நிறம். குஞ்சின் மார்பில் செம்பழுப்புப் புள்ளிகள் காணப்படும்.

இதனோடு பெரும்பாலும் மயங்கத்தக்கவை மூன்று. இரட்டைவால் கரிச்சான் முழுக் கறுப்பு, வால் பிளந்திருக்கும். கருஞ்சிட்டு சற்றுச் சிறியது. ஆணின் தோளில் வெள்ளைத்திட்டும், வாலடியில் செம்பழுப்பும் உண்டு. கண்மாய்க் கரையில் ஓடித்திரியும் வாலாட்டிக்கு வெண்புருவம் உண்டு. ஆகையால் முதலில் வயிற்றைப் பார்க்க வேண்டும். வெண்மை இல்லையேல் அது குண்டுக்கரிச்சான் அன்று. வெண்மை இருப்பின் புருவத்தைப் பார்க்க வேண்டும். புருவத்தில் வெண்மை இல்லாமல், அளவும் ஒத்திருந்தால் சந்தேகம் வேண்டியதில்லை.

இதன் பிரதான ஆகாரம் பூச்சி புழுக்களே. ஆதலால் தோட்டக்காரருக்கு இது சம்பளமில்லாக் காவற்காரன். பங்குனி முதல் ஆடி வரையில் மரப்பொந்திலும் சுவர்ப்பொந்திலும் கூடுகட்டி 4 அல்லது 5 முட்டைகளிடும்.

பங்களாதேசம் இதனையே தன் தேசியப் பறவையாகக் கொண்டுள்ளது. சிங்கப்பூரிலோ 1920-களில் சாதாரணமாய்த் தென்பட்ட இது 1970-களில் மிகவும் அருகிப்போயிற்று. கூண்டில் வளர்க்கப் பிடித்ததும், மைனாக்களின் போட்டியும், வசிப்பிடங்கள் மாறியதும் அதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. அந்நிலை நமக்கு வரலாகாது. நம் தேசத்திலும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இத்தகைய காட்டுப்பட்சிகளைப் பிடிப்பது குற்றமாகும்.

ஆகவே, பட்ட மரத்தை வெட்டுமுன் பொந்தினுள் கூடு உண்டா என்று பாருங்கள். சுவரைப் பூசுவதானால் ஆடி கழியட்டும். பொந்தில்லாத வீட்டில் துவாரமிட்ட சிறு மரப்பெட்டியொன்றைப் பூனை எட்டாத உயரத்தில் மாட்டிவையுங்கள். பிள்ளைகளுக்குக் கவணைக் கொடாமல் மேற்கண்ட அடையாளங்களைக் கற்பியுங்கள். பெயரறிந்த பட்சியின்மீது கல்லெறியக் கை எளிதில் எழாது.