பொறுத்திருக்கும் பணமே முதலீடு

(சிறு சேமிப்பாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பங்குச் சந்தையைப் பற்றிப் பேச வருபவரிடம் எல்லோரும் இரண்டு கேள்விகளைக் கேட்பது வழக்கம். எந்தப் பங்கை வாங்கலாம்? எப்போது வாங்கலாம்? இவ்விரண்டுக்கும் முன்னதாக விடை காண வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. நாம் சந்தையில் இடவிருக்கும் பணம் எத்தனை காலம் பொறுத்திருக்கக் கூடியது என்பதே அது. இக்கேள்விக்கு நேர்மையாக விடை கண்டவருக்கு மற்ற இரண்டும் எளிதாகிவிடும். விடை காணாதவருக்கு நல்ல பங்கும் நஷ்டத்தையே தரக்கூடும்.

இதை இன்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நம் நாட்டில் டீமேட் கணக்குகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 4 கோடி. 2024 மார்ச்சில் அது 15 கோடியைக் கடந்துவிட்டது. ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகளை வைத்திருக்கலாம் என்றாலும், கோடிக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு இன்று முதன்முறையாகத் தொழில் மூலதனமாக மாறி வருகிறது என்பதில் ஐயமில்லை. நாட்டின் வளர்ச்சிக்கு இது நல்லது. ஆனால் புதிதாக வந்தவர்களில் மிகப் பலர் பல ஆண்டுகள் நீடித்த சந்தைச் சரிவைக் கண்டதில்லை. அத்தகைய சரிவு வரும்போது அவர்கள் மனமுடைந்து வெளியேறினால், இழப்பு அவர்களுக்கு மட்டுமன்று. சேமிப்பு மீண்டும் தங்கத்துக்கும் நிலத்துக்கும் திரும்பிவிடும்.

45 ஆண்டுகளின் கணக்கு

மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீட்டெண் 1986ஆம் ஆண்டு முதல் வெளியிடப்பட்டு வருகிறது. 1978-79ஆம் ஆண்டின் மதிப்பு 100 என்பது அதன் அடிப்படை. 2024 ஜூலையில் அது 80,000 புள்ளிகளை எட்டியது. அதாவது 45 ஆண்டுகளில் 800 மடங்கு. கூட்டு வட்டிக் கணக்கில் இது ஆண்டுக்குச் சுமார் 16 சதவீதம். லாப ஈவு இதில் சேரவில்லை. நீண்டகால முதலீட்டை ஆதரித்துப் பேசுவோர் இக்கணக்கை எடுத்துக்காட்டுவது நியாயமே.

ஆனால் அந்த 16 சதவீதம் ஆண்டுதோறும் வங்கி வட்டியைப் போல வந்து சேர்ந்ததன்று. மூன்று சரிவுகளை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

1992ஆம் ஆண்டு பிறந்தபோது 1,900 புள்ளிகளையொட்டி இருந்த சென்செக்ஸ், அவ்வாண்டு ஏப்ரலில் 4,400 புள்ளிகளுக்கு மேல் சென்றது. நான்கே மாதங்களில் இரு மடங்குக்கு மேற்பட்ட ஏற்றம். தொழிற்சாலைகளின் உற்பத்தியோ லாபமோ அவ்வாறு பெருகிவிடவில்லை. வங்கிகளின் அரசுப் பத்திர வணிகத்தில் புழங்கிய பணம் முறைகேடாகச் சந்தைக்குள் திருப்பிவிடப்பட்டிருந்தது. ஹர்ஷத் மேத்தா விவகாரம் அம்பலமானதும் விலைகள் சரிந்தன. இடையில் 1994இலும், 1999-2000இலும் அந்தப் பழைய உச்சம் தாண்டப்பட்டது உண்மையே. எனினும் 2001இலும் 2003இலும் சென்செக்ஸ் மீண்டும் 3,000 புள்ளிகளுக்குக் கீழே இருந்தது. 2004க்குப் பிறகே 1992ஆம் ஆண்டின் உச்சம் நிலையாகப் பின்னே விடப்பட்டது. உச்சத்தில் வாங்கியவர் பதினோரு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, லாப ஈவு நீங்கலாக, அவருடைய முதலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. அதே காலத்தில் விலைவாசியோ இரு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது.

இரண்டாவது சரிவு 2008இல் நேர்ந்தது. அவ்வாண்டு ஜனவரியில் 21,000 புள்ளிகளை எட்டிய சென்செக்ஸ், உலக நிதி நெருக்கடியால் 2009 மார்ச்சில் 8,200 புள்ளிகளுக்கும் கீழே இறங்கியது. பழைய நிலைக்குத் திரும்ப 2010 நவம்பர் வரை ஆயிற்று. மூன்றாவது, 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலம். ஜனவரியில் 42,000 புள்ளிகளையொட்டி இருந்த குறியீட்டெண் மார்ச் 23 அன்று 26,000 புள்ளிகளுக்குக் கீழே முடிந்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரிலேயே இழந்ததை மீட்டுக்கொண்டது.

ஒரு சரிவிலிருந்து மீளப் பன்னிரண்டு ஆண்டுகள். மற்றொன்றிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள். இன்னொன்றிலிருந்து பத்து மாதங்கள். சரிவு தொடங்கும் நாளில் அது எந்த வகையைச் சேர்ந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. ஆகவே, காலத்தைக் கணிக்க முயல்வதைவிட, எந்தக் காலத்தையும் தாங்கும் விதமாக நம் பணத்தை ஒழுங்குபடுத்திக்கொள்வதே அறிவுடைமை. கட்டாயத்தின் பேரில் விற்க நேர்ந்தவருக்கே சரிவு நிரந்தர நஷ்டமாகிறது.

எந்தப் பணம் சந்தைக்கு உரியது?

முதலில், ஆறு மாத காலக் குடும்பச் செலவுக்கான தொகை வங்கியில் இருக்க வேண்டும். குடும்பத் தலைவரின் ஆயுளுக்கும், குடும்பத்தார் மருத்துவச் செலவுக்கும் காப்பீடு இருக்க வேண்டும். அதிக வட்டிக் கடன் ஏதேனும் இருப்பின் அதை அடைத்தல் வேண்டும். 15 சதவீத வட்டிக் கடனைத் தீர்ப்பது, எவ்வித ஆபத்தும் இல்லாமல் 15 சதவீதம் ஈட்டுவதற்குச் சமம். மூன்று ஆண்டுகளில் மகளின் திருமணத்துக்கோ மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கோ வேண்டிய பணமும் சந்தைக்கு உரியதன்று. ஏழெட்டு ஆண்டுகளுக்குத் தொட வேண்டிய அவசியம் இல்லாத பணமே பங்குக்கு உரியது. கடன் வாங்கிப் பங்கு வாங்குவதோ அறவே கூடாது. சந்தை பொறுத்திருக்கச் சொல்லும் வேளையில் கடன் கொடுத்தவர் பொறுத்திருக்க மாட்டார்.

இரண்டாவதாக, ஒரே நாளில் முழுத் தொகையையும் இடுவதைத் தவிர்க்க வேண்டும். 1992 ஏப்ரலில் மொத்தமாக இட்டவருக்கும், அம்மாதம் தொடங்கிப் பத்தாண்டுகள் மாதந்தோறும் சிறு தொகையாக இட்டவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. பின்னவர் விலை தாழ்ந்த மாதங்களில் அதிகப் பங்குகளைப் பெற்றார். மாதச் சம்பளக்காரர்களுக்கு இம்முறை இயல்பாகவே பொருந்தும்.

தொழில் வளரும், நிறுவனம் வளருமா?

நல்ல தொழிலைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். கார்த் தொழிலைப் பார்ப்போம். 1986இல் சென்செக்ஸின் 30 நிறுவனங்களுள் அம்பாசிடர் கார் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும், பத்மினி கார் தயாரித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும் இடம்பெற்றிருந்தன. காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் சற்று முன்னர்தான் இருந்தது. வருங்காலத்தில் இந்தியாவில் கார்கள் பெருகும் என்று அன்று கணித்தவரின் கணிப்பு முற்றிலும் சரியானதே. ஆனால் பெருகிய கார்களை விற்றவர்கள் வேறு நிறுவனத்தார். 1983இல் மாருதி கார் வெளிவந்த பின் போட்டியின் தன்மையே மாறிவிட்டது. புதிய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளுக்குள் பத்மினி மறைந்தது; 2014இல் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தியும் நின்றது.

இதனால் பெறும் பாடம் யாது? நீண்டகால முதலீடு என்பது வாங்கிப் பெட்டியில் பூட்டி மறந்துவிடுவதன்று. சென்செக்ஸே தன் உறுப்பினர்களைக் காலந்தோறும் மாற்றிக்கொண்டு வந்துள்ளது. நலிந்தவை விலக, வளர்பவை நுழைகின்றன. நாம் கண்ட 800 மடங்கு வளர்ச்சி அவ்வாறு புதுப்பிக்கப்பட்ட பட்டியலின் வளர்ச்சியே. தனிப் பங்குகளை வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அப்பணியைத் தாமே செய்ய வேண்டும்.

நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் சிலவற்றையாவது பார்க்கலாம். விற்பனையும் லாபமும் ஐந்து ஆண்டுகளாக எவ்வாறு உள்ளன? கணக்கில் காட்டப்பட்ட லாபம் ரொக்கமாகவும் வந்து சேர்ந்ததா, அல்லது வர வேண்டிய பாக்கியாகவே நிற்கிறதா? கடன் எவ்வளவு? நிறுவனர்கள் தம் பங்குகளை அடகு வைத்துள்ளனரா? தணிக்கையாளர் ஏதேனும் ஆட்சேபம் தெரிவித்துள்ளாரா? இவற்றுக்கு விடை காணக் கணக்காளர் பட்டம் தேவையில்லை. ஒரு மாலைப் பொழுது போதும்.

ஆயினும் அறிக்கையே பொய்யாக இருந்தால்? 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர், பல ஆண்டுகளாகக் கணக்குகள் திரிக்கப்பட்டிருந்ததைத் தாமே ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் அப்பங்கு தன் மதிப்பில் முக்கால் பாகத்துக்கு மேல் இழந்தது. அது சென்செக்ஸில் இடம்பெற்றிருந்த நிறுவனம்; தேர்ந்த வல்லுநர்களும் அதன் பங்கை வைத்திருந்தனர். எனவே எந்த ஒரு நிறுவனத்திலும் நம் சேமிப்பின் பெரும் பகுதி இருத்தல் கூடாது. பதினைந்து இருபது நிறுவனங்களில், வெவ்வேறு தொழில்களில் பரவியிருந்தால், ஒரு நிறுவனத்தின் வீழ்ச்சி குடும்பத்தின் வீழ்ச்சியாகிவிடாது.

இவ்வளவு உழைக்க நேரமில்லாதவருக்குப் பரஸ்பர நிதிகள் உள்ளன. சிறு சேமிப்பாளருக்காக 1964இல் யூனிட் டிரஸ்ட் திறந்துவைத்த வழி இன்று அகன்ற சாலையாகியுள்ளது. குறியீட்டெண்ணில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைத்திருக்கும் குறியீட்டு நிதிகளும் உண்டு. அவற்றின் நிர்வாகச் செலவு குறைவு.

சிறு செலவு, பெரும் தேய்மானம்

செலவைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்வதாகக் கொண்டால் 25 ஆண்டுகளில் சுமார் 17 லட்சமாகும். ஆண்டுதோறும் 2 சதவீதம் கட்டணமாகப் போய் 10 சதவீதமே மிஞ்சினால், கிடைப்பது 11 லட்சத்துக்கும் குறைவு. பார்வைக்கு அற்பமான 2 சதவீதம், முடிவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொண்டுபோய்விடுகிறது. அடிக்கடி வாங்கி விற்பவருக்குத் தரகும் வரியும் இவ்வாறே கூடுகின்றன. 2024 ஜூலை 23 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, பட்டியலிட்ட பங்கை ஓராண்டுக்குள் விற்றுப் பெறும் லாபத்துக்கு 20 சதவீத வரி. அதற்கு மேல் வைத்திருந்து விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். பொறுமைக்குச் சட்டமே சலுகை தருகிறது.

முதலீடு என்ற பெயரில் நடைபெறும் ஊக வாணிபத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். எதிர்கால ஒப்பந்தங்களிலும் ஆப்ஷன்களிலும் ஈடுபட்ட தனிநபர்களைப் பற்றிச் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அவர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தனர். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நாள்முழுதும் கைப்பேசியில் விலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள் இந்த எண்ணை ஒருமுறை எழுதி வைத்துக்கொள்வது நலம்.

எப்போது விற்பது?

விலை இறங்கியது என்பதற்காக மட்டும் விற்க வேண்டியதில்லை. ஏறியது என்பதற்காக மட்டும் விற்க வேண்டியதும் இல்லை. நிறுவனத்தின் தொழில் நிலை கெட்டாலோ, நிர்வாகத்தின் நாணயத்தில் ஐயம் எழுந்தாலோ விற்கலாம். சேமிப்பில் பங்குகளின் விகிதம் நாம் வகுத்த அளவை மீறினாலும் ஒரு பகுதியை விற்று வைப்பு நிதியில் இடலாம். பணம் தேவைப்படும் நாள் நெருங்கினால், முன்னதாகவே சிறிது சிறிதாக வெளியே எடுத்துவிட வேண்டும். ஓய்வு பெறும் மாதத்தில்தான் விற்பேன் என்று காத்திருப்பவர், அம்மாதம் 2009 மார்ச்சைப் போலவோ 2020 மார்ச்சைப் போலவோ இருந்துவிட்டால் என்ன செய்வார்?

இறுதியாக, பலரும் புறக்கணிக்கும் ஒரு கடமை. கணக்கில் வாரிசு நியமனம் செய்யுங்கள். முகவரியும் வங்கிக் கணக்கும் மாறினால் தெரிவியுங்கள். ஏழு ஆண்டுகள் கோரப்படாத லாப ஈவும், தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஈவு கோரப்படாத பங்குகளும் சட்டப்படி முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். மனுச் செய்து திரும்பப் பெறலாம் என்றாலும், தந்தை எங்கெங்கே பங்கு வைத்திருந்தார் என்று அறியாத பிள்ளைகள் என்ன மனுச் செய்ய முடியும்? கணவன் செய்யும் முதலீடு மனைவிக்கும், மனைவி செய்வது கணவனுக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

நண்பர்களே, பங்கு என்பது ஒரு தொழிலில் நமக்குள்ள பாகம். அத்தொழில் வளரக் காலம் வேண்டும். அக்காலம் முழுதும் நம் பணம் அங்கே தங்கியிருக்க வேண்டும். அவ்வாறு தங்கக்கூடிய பணத்தை மட்டும் தனியே பிரித்து, பரவலாக இட்டு, குறைந்த செலவில் வைத்திருந்து, ஆண்டுக்கு ஒருமுறை கவனித்து வந்தால், சாதாரண வருமானமுள்ள குடும்பமும் நாட்டின் தொழில் வளர்ச்சியில் தனக்குரிய பங்கைப் பெறலாம். இன்று வீடு திரும்பியதும், உங்கள் சேமிப்பில் ஏழெட்டு ஆண்டுகள் பொறுத்திருக்கக் கூடிய தொகை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். எந்தப் பங்கு என்ற கேள்வியை அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.