காப்பிக் கடையில் ஆர்கானிக் பால்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் காப்பிக் கடைகள் சிலவற்றில் விலைப் பலகையின் ஓரத்தில் ‘ஆர்கானிக் பால்’ என்றொரு வரி இருக்கும். அதற்குத் தனியே ஒரு தொகையும் கூட்டி வாங்கப்படும். அந்தத் தொகை எதற்கு என்பதைப் பாலின் சுவையைக் கொண்டோ நிறத்தைக் கொண்டோ அறிய இயலாது. பால் கொடுத்த மாடு எவ்வாறு வளர்க்கப்பட்டது, அது தின்ற தீவனம் எந்நிலத்தில் விளைந்தது என்பவற்றையே அச்சொல் குறிக்கிறது.

1990-இல் இயற்றப்பட்ட ஆர்கானிக் உணவு உற்பத்திச் சட்டத்தின்கீழ் அந்நாட்டு வேளாண்மைத் துறை வகுத்த விதிகள் 2002 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, தீவனம் விளையும் நிலத்தில் மூன்றாண்டுக் காலம் தடைசெய்யப்பட்ட உரமோ பூச்சிக்கொல்லியோ இடப்பட்டிருக்கக் கூடாது. வழக்கமான முறையில் வளர்ந்த மந்தையை 12 மாதங்கள் ஆர்கானிக் முறையில் பேணிய பின்னரே அதன் பாலுக்கு அப்பெயரைச் சூட்டலாம். நோயுற்ற மாட்டுக்கு ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால், அம்மாட்டை ஆர்கானிக் மந்தையிலிருந்து நிரந்தரமாக விலக்க வேண்டும். அதற்கு அஞ்சி, தேவையான மருந்தைக் கொடுக்காமல் மாட்டை வாட விடுவதும் விதிமீறலே. மாடுகளைப் பெரும்பாலும் அடைத்துவைத்துத் தானியத் தீவனம் போட்டுக் கறந்த பாலும் இதே பெயரோடு விற்கப்படுவதாக நெடுங்காலம் புகார் எழுந்துவந்தது. அதன்பின், ஆண்டுக்குக் குறைந்தது 120 நாட்கள் மாடு வெளியில் மேய வேண்டும், அப்பருவத்தில் அது உண்ணும் தீவனத்தின் ஈரம் நீக்கிய எடையில் 30 விழுக்காடாவது மேய்ச்சலிலிருந்தே கிடைக்க வேண்டும் என்று 2010-இல் வரையறுக்கப்பட்டது.

ஹார்மோன் செலுத்தாத மாட்டின் பாலும் ஆர்கானிக் பாலும் ஒன்றல்ல. பால் சுரப்பைப் பெருக்க ஊசி வழியே செலுத்தும் ஆர்.பி.எஸ்.டி. என்ற ஹார்மோனுக்கு அமெரிக்கா 1993-இல் ஒப்புதல் தந்தது. கனடா 1999-இல் மறுத்துவிட்டது. ஸ்டார்பக்ஸ் நிறுவனம் அமெரிக்காவிலுள்ள தன் சொந்தக் கடைகளில் அந்த ஹார்மோன் செலுத்தாத மாடுகளின் பாலையே பயன்படுத்துவதென 2007-இல் முடிவுசெய்து, 2008-இல், கேட்பவர்களுக்குத் தந்துவந்த ஆர்கானிக் பாலை நிறுத்தியது. ஓர் ஊசியைத் தவிர்த்ததோடு அந்த மாற்றம் நின்றுவிட்டது. தீவனத்துக்கும் மேய்ச்சலுக்கும் அதில் எந்த உறுதியும் இல்லை.

ஆர்கானிக் பாலில் காப்பி சற்று இனிப்பாக இருப்பதாகச் சொல்லப்படுவதற்கும் மாட்டுக்கும் தொடர்பு குறைவு. தொலைவிலிருந்து வந்து மெதுவாக விற்கும் இப்பால் நெடுநாள் கெடாதிருக்க, ஏறத்தாழ 138 பாகை செல்சியசில் இரண்டு நொடிகள் சூடாக்கப்படுவது அங்கே வழக்கம். சாதாரணப் பாலுக்கு 72 பாகையில் 15 நொடிகள் போதும். அந்த மிகைச் சூடே காய்ச்சிய பாலின் சுவையைத் தருகிறது. சாதாரணப் பாலில் மருந்து கலந்திருக்கும் என்ற அச்சமும் மிகையானது. அங்கே இரு வகைப் பாலும் ஆலையில் இறக்கப்படுவதற்கு முன் மருந்தெச்சச் சோதனைக்கு உட்பட்டாக வேண்டும். ஆர்கானிக் பாலில் ஒமேகா-3 என்னும் நற்கொழுப்பு ஏறக்குறைய 50 விழுக்காடு மிகுதி என்று 2016-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு கூறியது உண்மையே. ஆனால் பாலில் அக்கொழுப்பின் அளவே மிகச் சிறிது. உடல் இளைக்க வேண்டிக் கொழுப்பு நீக்கிய ஆர்கானிக் பாலில் காப்பி கேட்பவர், கூடுதல் விலையும் கொடுத்து அந்தச் சிறு நன்மையையும் நீக்கித் தரச் சொல்கிறார்.

பண்ணையும் ஆலையும் ஆண்டுதோறும் ஆய்வுக்கு உட்பட்டுச் சான்று பெறுகின்றன. காப்பிக் கடைக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. வேறு பாலோடு கலந்துவிடாமல் காப்பதும், கொள்முதல் பதிவேட்டை வைத்திருப்பதும் கடையின் பொறுப்பில் விடப்பட்டுள்ளன. அவசர வேளையில் எந்தக் குவளையில் எந்தப் பால் நுரைக்கப்படுகிறது என்பதைப் பார்க்க எந்த ஆய்வாளரும் அருகில் நிற்பதில்லை. ஆகவே பலகையைவிடப் பால் பெட்டியே நம்பத் தக்கது. பெட்டியில் வேளாண்மைத் துறையின் வட்ட ஆர்கானிக் முத்திரையை இடுவது உற்பத்தியாளர் விருப்பம். சான்றளித்த அமைப்பின் பெயரை அச்சிடுவது சட்டப்படி கட்டாயம். கூடுதல் விலை கொடுப்பவர் அந்தப் பெட்டியைக் காட்டுமாறு தயங்காமல் கேட்கலாம். காட்ட மறுக்கும் கடையில் சாதாரணப் பாலே போதும்.