மறுமுறை கேட்கும் பாடம்



பல்கலைக்கழக விரிவுரைகளை ஒலிப்பதிவு செய்து மாணவர்களுக்கு வழங்குவது குறித்துப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். இத்தகைய பதிவுகளைப் பாட்காஸ்ட் என்றும், தமிழில் வலையொலி என்றும் அழைக்கின்றனர். இச்சொல் பிறந்தது 2004-ஆம் ஆண்டில்தான். ஆனால் அதன் நோக்கம் இந்தப் புணே நகருக்குப் புதியதன்று.

1983-இல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. அதன் துணைகொண்டு பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்ட் 15 அன்று 'நாடு தழுவிய வகுப்பறை' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதற்குப் பாடங்களைத் தயாரித்தளித்த மையங்களுள் புணே பல்கலைக்கழகத்தின் கல்வி ஊடக ஆராய்ச்சி மையமும் ஒன்று. சிற்றூர்க் கல்லூரி மாணவரும் தேர்ந்த ஆசிரியரின் பாடத்தைப் பெறவேண்டும் என்பது அன்றைய குறிக்கோள். குறிக்கோள் உயர்ந்ததே, எனினும் நிகழ்ச்சி குறித்த நேரத்தில் மட்டுமே வரும். அந்த நேரத்தில் மின்சாரம் இல்லையென்றாலோ, மாணவர் வேறு வகுப்பில் இருந்தாலோ, பாடம் போயிற்று. புரியாத இடத்தில் நிறுத்தி மீண்டும் கேட்கவும் வழியில்லை.

பின்னர் இப்பல்கலைக்கழகம் வித்யாவாணி என்னும் சமுதாய வானொலியை நிறுவியது. சமுதாய வானொலியின் ஒலிபரப்புத் திறனுக்கு அரசு விதித்துள்ள பொது வரம்பு 100 வாட். அவ்வளவு திறனில் ஒலி நகரின் எல்லையைத் தாண்டுவதே அரிது. இப்பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளோ புணே, அகில்யாநகர், நாசிக் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியுள்ளன. நாசிக் இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நேரம், தொலைவு ஆகிய இவ்விரு தடைகளையும் நீக்குவதே வலையொலியின் பயன்.

இதனால் பெரிதும் நன்மை பெறுபவர் யார்? பன்னிரண்டாம் வகுப்புவரை மராத்தி வழியில் பயின்று, கல்லூரியில் முதன்முறையாக ஆங்கில விரிவுரை கேட்கும் மாணவர். அவர் ஒரு வாக்கியத்தைப் பொருளுணர்ந்து குறித்துக்கொள்வதற்குள் ஆசிரியர் மூன்று வாக்கியங்கள் கடந்துவிடுகிறார். பாடத்தில் அவருக்குத் திறமை இல்லை என்று நாம் முடிவு கட்டுகிறோம்; உண்மையில் அவருக்கு இல்லாதது அவகாசம். தமிழ்நாட்டில் தமிழ் வழியில் பயின்று வருவோர் நிலையும் இதுவே. அதே பாடத்தை இரவில் மறுமுறை கேட்க முடியுமாயின் நிலைமை மாறும். பகுதி நேரம் உழைத்துப் பயிலும் மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

"என்பிடெல் திட்டத்தின் ஒளிப்பதிவுகள் 2003 முதலே வளர்ந்து வருகின்றனவே, இது எதற்கு?" என்று கேட்கலாம். ஐ.ஐ.டி.கள் உருவாக்கிய அப்பாடங்கள் சிறந்தவை. ஆயினும் தேர்வுக்குரிய பாடத்திட்டத்தை, மாணவர் அறிந்த ஆசிரியரே, அவருக்குப் பழகிய எடுத்துக்காட்டுகளுடன் விளக்குவதற்கு அவை ஈடாகா. மேலும், பேச்சொலியை நொடிக்கு 32 கிலோபிட் அளவில் பதிந்தால் ஒரு மணி நேர விரிவுரை 14 மெகாபைட்டுக்குச் சற்று மிகுதியாகவே இருக்கும். ஒளிப்பதிவுக்கு அதைப்போல் பன்மடங்கு வேண்டும். அலைபேசிச் செலவை எண்ணிச் செய்யும் குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

ஆனால் ஒலி மட்டும் போதுமானதாக வேண்டுமெனில் ஆசிரியர் தம் பேச்சைச் சிறிது மாற்றிக்கொள்ள வேண்டும். "இதை இதனால் வகுத்தால் இது வரும்" என்று கரும்பலகையைச் சுட்டிக் கூறினால், கேட்பவருக்கு ஒன்றும் வராது. "விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம்" என்று பெயர் சொல்லிக் கூற வேண்டும். பார்வையற்ற மாணவருக்கு வகுப்பறையிலேயே இது உதவும்.

செவித்திறன் குறைந்தோரையும் நாம் மறக்கலாகாது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தான் இலவசமாக வழங்கிவந்த 20,000-க்கும் மேற்பட்ட விரிவுரைப் பதிவுகளை 2017-இல் பொதுப் பார்வையிலிருந்து விலக்கிக்கொண்டது. அவற்றுள் பல மாற்றுத் திறனாளிகள் பயன்படுத்த இயலாத நிலையில் இருந்தன என்று அந்நாட்டு நீதித்துறை கண்டதை அடுத்து எழுந்த விளைவு அது. தொடக்கத்திலேயே எழுத்து வடிவத்துக்கும் நிதி ஒதுக்கியிருந்தால் அவ்வளவு பெரிய செல்வம் மறைந்திராது. நம் நாட்டிலும் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டுள்ளது. திட்ட மதிப்பீடு தயாரிக்கும் அலுவலர்கள் ஒலிவாங்கிக்கு மட்டும் தொகை காட்டினால் போதாது.

பதிவு கிடைத்தால் மாணவர் வகுப்புக்கு வரமாட்டார் என்று ஆசிரியர் சிலர் அஞ்சுகின்றனர். இவ்வச்சத்தை நான் முற்றும் ஒதுக்கவில்லை. எனினும் குறிப்புகளைச் சொல்லி எழுதவைப்பதே வகுப்பு என்றிருக்கும் இடத்தில், மாணவர் வராமைக்குப் பதிவின்மீது பழி சுமத்துவது முறையாகுமா? என் கவலை வேறு. தம் ஐயம் பதிவாகிப் பலர் செவிக்குப் போகும் என்று அறிந்தால் கூச்சமுள்ள மாணவர் வாய் திறக்கமாட்டார். ஆகவே மாணவர் குரலை அவருடைய இசைவின்றி வெளியிடலாகாது. விரிவுரை யாருடைய உரிமை, ஆசிரியர் ஓய்வுபெற்ற பின்னும் அதை வழங்கலாமா என்பனவற்றையும் எழுத்தில் முன்னரே வரையறுத்துக்கொள்வது நலம்.

எல்லாத் துறைகளிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டுவதில்லை. முதலாண்டு மாணவர் மிகுதியாகத் தவறும் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு அன்று மாலைக்குள் அவர்கள் கைக்குச் சேரட்டும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் பாடப்பகுதியின் பெயரும் நாளும் இருக்கட்டும். தேர்வுக்கு முந்திய வாரத்தில் 40 மணி நேரப் பதிவுகளை மொத்தமாக வெளியிட்டால் எவரும் கேட்கப்போவதில்லை.