கயிறு எட்டும் உயரத்தில்

 

விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் குறைகளைச் சென்னையில் இக்கருத்தரங்கில் கூடிப் பேசுவது பொருத்தம்தான். 1953இல் மாநிலங்களவையில் விலங்குவதையைத் தடுக்க ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தவர், சென்னையில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி சொன்ன பிறகு அவர் அதைத் திரும்பப் பெற்றார். 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1960ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது அப்படித்தான். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பல்லாண்டுகள் அதன் தலைமையகமும் சென்னையில்தான் இருந்தது.

அந்தச் சட்டத்தை நான் முதன்முதலில் நேரில் பார்த்த நாள் நினைவிருக்கிறது. தொழில் தொடங்கிய புதிது. ஒரு கீழமை நீதிமன்ற வாசலில் மாட்டு லாரி நின்றது. விதிப்படி ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. இறக்கி எண்ணினால் இருபத்திரண்டு. வழியில் படுத்துவிடாமலிருக்கக் கண்ணில் மிளகாய் தேய்த்திருந்தார்கள். வழிந்த நீர் தாடைவரை கோடாகக் காய்ந்திருந்தது. ஒரு பசுவின் வால் முறிந்து தொங்கியது. ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் ஐம்பது ரூபாய். சட்டைப் பையிலிருந்து ஒற்றைத் தாளை எடுத்துக் கட்டினார். ரசீதை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைய டீசல் செலவில் அது ஒரு மூலைக்குக் காணாது.

முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய்வரை என்ற தொகை இன்னும் 11ஆம் பிரிவில் இருக்கிறது. அதனால் திருத்தம் என்றாலே எல்லாரும் அபராதத்தை உயர்த்துவதைத்தான் சொல்கிறோம். உயர்த்தத்தான் வேண்டும். ஆனால் நம் பேச்சு அங்கேயே நின்றுவிடக் கூடாது.

இப்படிப்பட்ட மேடைகளில் மனுநீதிச் சோழன் தவறாமல் வருவார். பசுவின் கன்றைத் தேரேற்றிக் கொன்ற மகனையும் அவனுக்குத் தண்டனையான தேர்க்காலையும் சொல்லி முடித்துவிடுவோம். எனக்கு அந்தக் கதையில் வியப்பூட்டுவது தண்டனை அல்ல, நீதி கேட்டு அந்தப் பசு இழுத்த மணி. பசுவின் தலைக்கு எட்டும் உயரத்தில் ஒருவர் கயிற்றைத் தொங்கவிட்டிருக்கிறார். நம் சட்டத்தில் தண்டனை சிறிது என்பது உண்மை. கயிறு எட்டவில்லை என்பது அதைவிடப் பெரிய உண்மை.

31ஆம் பிரிவைப் பாருங்கள். அடிப்பது, பட்டினி போடுவது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது எதுவும் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் அல்ல. கண்ணெதிரே நடந்தாலும் கைது செய்யக் காவலர் நடுவரின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். 36ஆம் பிரிவின்படி, மூன்று மாதம் கழிந்துவிட்டால் வழக்கே தொடர முடியாது. விலங்கை வைத்திருப்பவரின் கடமையை 3ஆம் பிரிவு அழகாகச் சொல்கிறது. தவறினால் என்ன என்று அங்கே ஒரு வரி இல்லை.

விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு ஐந்தாண்டுவரை சிறை தருகிறது. ஆனால் அது இருப்பது சொத்துக்கு எதிரான குற்றங்களின் அத்தியாயத்தில். விலங்கின் வலியை உடைமைக்கு நேர்ந்த நட்டமாக எண்ணிய காலத்தின் மிச்சம் அது. பழைய தண்டனைச் சட்டத்தில் விலங்கின் மீதான பாலியல் வன்முறைக்கு 377ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அதற்கு ஈடான பிரிவே இல்லை.

2014இல் ஜல்லிக்கட்டு தொடர்பான நாகராஜா வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளைக் கடுமையாக்கும்படி நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. ஜல்லிக்கட்டு பற்றி அத்தீர்ப்பு சொன்னது பின்னர் 2017இன் தமிழ்நாட்டுத் திருத்தத்தாலும் 2023இன் அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பாலும் மாறியது. தண்டனை பற்றிய அந்த வேண்டுகோளின் தேவை மாறவில்லை. 2022இல் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. கொடூர வதை என்று தனியாக ஒரு குற்றத்தை அது வகுத்தது. அந்த வரைவைச் சொல்சொல்லாக ஆராய்வது இந்த அரங்கின் முதல் வேலையாகட்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டினால் நண்பகல் 12 முதல் 3 மணிவரை வண்டி மாட்டை ஓட்டக் கூடாது என்பது 1965ஆம் ஆண்டு விதி. நல்ல விதி. ஆனால் அந்த மூன்று மணி நேரம் மாட்டை எந்த நிழலில் கட்டுவது, எந்தத் தொட்டியில் தண்ணீர் காட்டுவது? தானும் வெயிலில் காயும் வண்டிக்காரரையும், இருபத்திரண்டு மாடுகளை அடைத்து அனுப்பிய வியாபாரியையும் சட்டம் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. முன்னவருக்குத் தொட்டியும் மருத்துவரும் தருவது உள்ளாட்சியின் கடமை என்று எழுதுங்கள். பின்னவருக்குச் சிறை என்று எழுதுங்கள். அன்று அபராதம் கட்டியவர் ஓட்டுநர். மாடுகளை அனுப்பியவரின் பெயர் வழக்கேட்டிலேயே இல்லை.

இரண்டு நாள் அமர்வுகளிலும் கட்டுரை படிப்பவர்களை ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் முன்வைக்கும் ஒவ்வொரு திருத்தமும் அன்று அந்த லாரியை வழியிலேயே நிறுத்தியிருக்குமா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.