மழலையும் செவியும்
(அரியலூரில் கூடிய நம் சங்கத்தாரிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



மழலையைப் பற்றிப் பேசுதற்கு இம்மாவட்டம் மிகப் பொருத்தமானது. இங்கிருந்து கிழக்கேயுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் குலோத்துங்கன்மேல் ஒட்டக்கூத்தர் பாடியதே, இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களுள் முற்பட்டது.

பிள்ளைத்தமிழின் பருவங்கள் புலவர் கற்பனை மட்டும் அல்ல. நம் வீட்டு முற்றத்தில் பிறந்தவை. அம்புலியை நினைமின். தாய் திங்களைச் சுட்டுகிறாள். குழவி அவள் விரல்வழி நோக்குகிறது. அப்பொழுதே பெயரும் செவியில் விழுகிறது. பொருளும் சொல்லும் இவ்வாறே இணைகின்றன. கைப்பேசியும் பேசுகின்றதே என்பீராயின், குழவி 'ங்கா' என்றால் அது முகம் மலர்ந்து மறுமொழி கூறுவதில்லை.

எழுத்துப் பிறக்கும் முறையை ஆராய்ந்த தொல்காப்பியர் பகர மகரங்களை இதழிற் பிறப்பன என்றார். இதழ் பொருந்துதல் குழவிக்கு எளிது. ஆதலின் அம்மா, அப்பா, மாமா என்பன முந்துகின்றன. ழகரம் நாவின் நுண்தொழில். மூன்று வயதுப் பிள்ளை 'பயம் வேணும்' என்றால் அதட்டல் வேண்டா, 'பழம் வேண்டுமா? இதோ பழம்' என்று நாம் திருத்தமாகச் சொல்லுதலே போதும். (இதனைப் பொறாத தமிழாசிரியரும் உளர்.) பள்ளிக்கு முந்தி ஆங்கிலம் வரவேண்டுமென்று, தமக்கே சரளமாக வாராத மொழியில் பிள்ளையோடு இரண்டொரு சொல் பேசி நிறுத்துவோர், அப்பிள்ளைக்குரிய நிறைந்த பேச்சைக் குறைக்கின்றனர்.

இனி, யாம் முதன்மையாகச் சொல்ல வந்தது. ஓராண்டு நிறைவில் ஒன்றிரண்டு சொல்லும், ஈராண்டில் 'அம்மா வா' போன்ற இருசொற்றொடரும் பெரும்பாலும் வந்துவிடும். வாராத பிள்ளையைக் காட்டி, 'அவன் தாய்மாமனும் தாமதமாகத்தான் பேசினான்' என்று ஆறுதல் கூறுவர். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை ஊமையாயிருந்து திருச்செந்தூரில் வாய் திறந்தார் என்னும் வரலாற்றையும் எடுத்துக்காட்டுவர். அவ்வடிகளின் பெருமையை யாம் பல்லாண்டுகளாக வகுப்பிற் போற்றி வருகிறோம். ஆயினும் அவ்வரலாறு பக்திக்குரியது, ஐந்தாண்டு காத்திருத்தற்குரிய மருத்துவ விதியன்று.

பேசாத பிள்ளைக்கு முதலில் ஆராய வேண்டுவது செவி. காது கேளாத குழவியும் முதற் சில திங்கள் குதலை ஒலி எழுப்பும். ஆதலின் பெற்றோர் ஏமாறுவர். பின்னர் அவ்வொலி குறையும். பிறந்த ஒரு திங்களுக்குள் செவியைச் சோதித்து, மூன்று திங்களுக்குள் குறையைத் துணிந்து, ஆறு திங்களுக்குள் உதவி தொடங்குக என்பது மருத்துவர் நெறி. உறங்கும் குழவிக்கும் நோவின்றிச் சோதிக்கும் கருவி உண்டு. காலம் கடந்தால், பின்னர்க் கருவி பொருத்தினும் மொழி எளிதில் ஏறாது. மூளை மொழியை விரைந்து பற்றுவது இளம்பருவத்திலேயே.

இச்சபையில் மற்றொன்றும் கூறாதிருத்தல் தகாது. அக்காள் மகள், மாமன் மகள் என்று நெருங்கிய உறவிலேயே தலைமுறைதோறும் மணம் முடிக்கிறோம். பிறவிச் செவிட்டுத்தன்மை அத்தகைய மணங்களிற் பிறக்கும் பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. சொத்துப் பிரியாது என்னும் கணக்கோடு இதனையும் பெரியோர் எண்ணுக. இதன்பொருட்டு எந்த மருமகளையும் பழித்தல் முறையன்று. மரபுக்குறை பெரும்பாலும் இருபாலிலிருந்தும் வருவது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுடைய குடும்பத்துச் சிறுபிள்ளைகளுக்கு உட்செவிக் கருவி பொருத்தும் சிகிச்சையும் அடங்கும். அதன்பின் நெடுநாட் பேச்சுப் பயிற்சி வேண்டும். பெரம்பலூரில் மாவட்ட அரசு மருத்துவமனையும், அரியலூரில் 2022இல் திறக்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. ஐயம் உடையோர் தம் ஊர் அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராமச் செவிலியரிடமோ கூறின், எங்குச் சென்று யாரைக் காண்பது என வழி காட்டுவர்.