பத்து நிமிஷ வேலை

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், முற்பகல் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். பேசிய நடையை அதிகம் மாற்றவில்லை.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, இணையத்தில் பங்கு வர்த்தகக் கணக்கு தொடங்குவது எப்படி என்பது. கொடுத்த நேரம் 20 நிமிஷம். எனக்கு முன்னால் பேசியவர் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினார். எனக்கு அடுத்து சாப்பாடு. இரண்டுக்கும் நடுவில் என்னை ஏன் நிறுத்தினார் என்று தெரியவில்லை.

எந்தப் பங்கை வாங்கலாம் என்று நான் சொல்லப் போவதில்லை. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்று காலை ஜங்ஷனிலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்திருக்க மாட்டேன். எனக்குத் தெரிந்தது கணக்கு தொடங்குவதும், அந்தச் செயலியைப் போனில் ஒழுங்காக அமைத்துக்கொள்வதும் மட்டுமே.

பழைய கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில் எனக்குச் சென்னையில் வேலை. பாரிமுனைக்குப் பக்கத்தில் செகண்ட் லைன் பீச்சில்தான் மெட்ராஸ் பங்குச் சந்தை இருந்தது. பங்கு வாங்க வேண்டுமானால் புரோக்கர் அலுவலகத்துக்குப் போய் மர பெஞ்சில் காத்திருக்க வேண்டும். என்ன விலைக்கு வாங்கினார் என்பது அவர் சொன்னால்தான் தெரியும். பிறகு சான்றிதழ் தாள் கைக்கு வரும். அதோடு மாற்றுப் படிவத்தை இணைத்து, முத்திரைத் தலை ஒட்டி, கம்பெனிக்குத் தபாலில் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் தபால்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்போம். ஒருமுறை என் 50 பங்குகள் திரும்பி வந்துவிட்டன. கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். என் கையெழுத்து என்னுடையதுதான் என்று நிரூபிக்க நான் மேலாளரிடம் கையெழுத்து வாங்கப் போனேன்!

அதெல்லாம் போயிற்று. 1996இல் டெபாசிட்டரி சட்டம் வந்தது. அந்த ஆண்டே என்எஸ்டிஎல், 1999இல் சிடிஎஸ்எல் என இரண்டு நிறுவனங்கள் நம் பங்குகளைக் கணினிப் பதிவாகக் காப்பாற்ற வந்தன. இணையத்தில் வாங்கி விற்பது 2000இல் தொடங்கியது. நான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்த அந்த மெட்ராஸ் பங்குச் சந்தை 2015இல் தன் அங்கீகாரத்தை விட்டு விலகிவிட்டது. 2019 ஏப்ரலிலிருந்து தாள் வடிவில் இருக்கும் பங்கை இன்னொருவருக்கு விற்று மாற்றித்தரவும் முடியாது. உங்களில் யாராவது இரும்புப் பெட்டிக்குள் அப்பா காலத்துச் சான்றிதழ்களை வைத்திருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பாருங்கள். அது தனிக் கதை.

இப்போது நமக்கு வேண்டியவை மூன்று கணக்குகள். பணம் இருக்கும் வங்கிக் கணக்கு ஒன்று. வாங்க, விற்க ஆணை கொடுக்கும் வர்த்தகக் கணக்கு இரண்டாவது. பங்கு இருக்கும் டீமேட் கணக்கு மூன்றாவது. நம் செயலியில் மூன்றும் ஒரே திரையில் தெரிவதால் எல்லாம் புரோக்கரிடம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. பங்கு இருப்பது டெபாசிட்டரியில். புரோக்கர் ஜன்னல், டெபாசிட்டரிதான் பெட்டகம். இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் இதற்கு மறுபடி வருவேன்.

கணக்கு தொடங்க பான் அட்டை, போன் எண் இணைக்கப்பட்ட ஆதார், வங்கிக் காசோலை ஒன்று, வெள்ளைத்தாளில் கையெழுத்து, இவை போதும். முகத்தைப் படம் பிடிக்கச் சொல்வார்கள். நம் வயதுக்கு அங்கேதான் தகராறு. கண்ணாடியைக் கழற்றினால் திரை தெரியாது, போட்டால் வெளிச்சம் அடிக்கிறது என்று செயலி ஒத்துக்கொள்ளாது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

அடுத்து ஒரு பக்கம் வரும். எந்தெந்தப் பிரிவில் வர்த்தகம் செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்டு, கட்டம் கட்டமாக டிக் போடச் சொல்லும். பங்கு என்ற கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே எஃப் அண்ட் ஓ என்று இருக்கும். அதைத் திறக்க வருமானச் சான்று கேட்பார்கள். ஓய்வூதியச் சீட்டு கைவசம் இருக்கிறதே என்று கொடுத்துவிடாதீர்கள். செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நூற்றுக்கு ஏழு பேர் தேறும் பரீட்சை. நம் எண்கணிதப் பேராசிரியர்கூட அவ்வளவு கடுமையாகத் தாள் திருத்தியதில்லை.

நாமினி பெயரை விட்டுவிடாதீர்கள். எழுதிய கையோடு வீட்டிலும் சொல்லிவிடுங்கள். நாமினி ஆன விஷயமே நாமினிக்குத் தெரியாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

செயலியை உங்கள் போனில் இருக்கும் கடையிலிருந்து மட்டும் இறக்குங்கள், அதுவும் புரோக்கரின் பெயரைச் சரிபார்த்துவிட்டு. யாரோ அனுப்பிய இணைப்பைத் தட்டி இறக்க வேண்டாம். உள்ளே நுழையக் கடவுச்சொல் ஒன்று, அதற்கு மேல் 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண் ஒன்று. விற்கும்போது, சிடிஎஸ்எல் கணக்கு என்றால், டிபின் என்று இன்னோர் எண்ணும் கேட்கும். ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இந்தத் தொல்லை இருக்காது என்பார்கள். எனக்கென்னவோ அந்தத் தொல்லை இருக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது. வீட்டுக்கு இரண்டு தாழ்ப்பாள் போடுவதில்லையா?

இப்போது நான் அசடு வழிந்த கதை. 2021இல், கொரோனா நேரத்தில், புனேயில் இருக்கும் என் மகன் போனில் சொல்லச் சொல்ல நான் கணக்கு தொடங்கினேன். முதல் நாள் ஒரு கம்பெனியின் 100 பங்குகளை 412 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கியாயிற்று என்று திரை சொன்னது. கோயிலுக்குப் போய் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டு வந்து, சாப்பிட்டுத் தூங்கினேன். நாலு மணிக்கு எழுந்து பார்த்தால் ஒரு பங்கும் இல்லை! திருட்டுப் போய்விட்டது என்று மகனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவன் சிரிக்கிறான். ஆணை கொடுக்கும் சாளரத்தில் டெலிவரி, இன்ட்ராடே என்று இரண்டு பொத்தான்கள் உண்டு. சில செயலிகளில் சிஎன்சி, எம்ஐஎஸ் என்று போட்டிருப்பார்கள். டெலிவரி என்றால் பங்கு நம் டீமேட் கணக்குக்கு வரும். இன்ட்ராடே என்றால் அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்க வேண்டும். நாம் விற்காவிட்டால் சந்தை மூடும் மூன்றரை மணிக்குச் சற்று முன் அவர்களே விற்றுவிடுவார்கள். நான் தொட்டிருந்தது இரண்டாவதை. 405 ரூபாய் 50 காசுக்கு விற்றிருந்தார்கள். கட்டணம், வரி, தானே விற்றதற்கான தண்டம் எல்லாம் சேர்த்து 780 ரூபாய் சொச்சம் போயிற்று. என் மனைவி மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை. "பையன் காலேஜுக்கு எவ்வளவு கட்டினோம், உங்க படிப்புக்கு 780 ரூபாய்தானே" என்றாள்.

அன்றிலிருந்து ஆணை கொடுக்கும் முன் வாய்விட்டுப் படிப்பேன். பெயர் என்ன, எத்தனை, டெலிவரியா, விலை நான் சொன்னதா, சந்தை விலையா. சந்தை விலை என்று விட்டால் அந்த நேரத்தில் கிடைக்கும் விலைக்கு முடிந்துவிடும். அதிகம் கைமாறாத பங்கானால் விலை எங்கோ போய் நிற்கும். ஆகவே லிமிட் என்பதைத் தொட்டு நம் விலையை நாமே எழுதுவது நல்லது. முதல் ஆணை ஒரே ஒரு பங்குக்குக் கொடுங்கள். மறுநாள் அந்த ஒரு பங்கு டீமேட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஜனவரி முடிவிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும் மறு வேலைநாளே கணக்குத் தீர்ப்பு ஆகிவிடுகிறது.

இனி நான் பேச வந்த விஷயம். இதைச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன். பேர் சொல்லாமல் சொல்லு என்றார். அவர் இந்த அரங்கில்தான் இருக்கிறார். நம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர். யார் என்று தேடித் திரும்பிப் பார்க்காதீர்கள், நம் வகுப்பில் அப்படி நாலு பேர் உண்டு.

2024 தொடக்கத்தில் ஒருநாள் எனக்குப் போன் செய்தார். "டேய், ஷேர் அக்கவுண்ட் ஒண்ணு ஆரம்பிக்கணும். ஒருநாள் வீட்டுக்கு வாயேன், பக்கத்துல உக்காந்து போட்டுக் குடு. எனக்கு இந்த போன் வெவகாரமெல்லாம் பயமா இருக்கு" என்றார். நான் பேத்தியைப் பள்ளியில் விடப் போய்க்கொண்டிருந்தேன். "அது பத்து நிமிஷ வேலைடா, பையன்கிட்ட கேளு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவருடைய பையன் வெளிநாட்டில் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன்.

நான் உட்காராத இடத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குழு. காலையில் வணக்கம், மாலையில் இலவசப் பாடம். எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் பதில் சொன்னார்களாம், அதிலும் ஒரு பெண் இவரை 'சார், சார்' என்று மரியாதையோடு. ஓர் இணைப்பு அனுப்பி அதிலிருந்து செயலியை இறக்கச் சொன்னார்கள். பார்ப்பதற்கு அசல் செயலி போலவே இருந்தது. பங்கு விலைகள்கூட உண்மை விலைகள்தாம். முதலில் 50,000 ரூபாய் போட்டார். திரையில் 68,000 ஆயிற்று. 5,000 ரூபாய் எடுத்துப் பார்த்தார், வங்கிக்கு வந்தது. அதோடு நம்பிக்கை வந்துவிட்டது. புது வெளியீட்டில் சலுகை விலையில் ஒதுக்கீடு என்றார்கள். மொத்தம் 11 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் போட்டார். திரை 38 லட்சம் காட்டியது. எடுக்கப் போனபோது, முதலில் 20 சதவீதம் வரி கட்டுங்கள் என்றார்கள். அதற்கும் வளையல்களை அடகு வைக்கக் கிளம்பியபோதுதான் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார்கள்.

நான் போனேன். அவர் போனை வாங்கிப் பார்த்தேன். ஒப்பந்தச் சீட்டு ஒன்றுகூட மின்னஞ்சலில் வரவில்லை. டெபாசிட்டரியிலிருந்து மாத அறிக்கை இல்லை. பங்குச் சந்தையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி இல்லை. பணம் போனது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயரில் இருந்த வங்கிக் கணக்குகளுக்கு. ஜன்னல் போல ஒரு படம் மட்டும் வரைந்து மாட்டியிருந்தார்கள். பின்னால் பெட்டகமே இல்லை. 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்தோம். ஆனால் கடைசித் தொகை போய் 9 நாள் ஆகியிருந்தது. உடனே கூப்பிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் முடக்கியிருக்கலாம். 62,000 ரூபாய் ஒரு கணக்கில் முடக்கப்பட்டது. மற்றது போனது போனதுதான். "நூத்துக்கு நூறு வாங்கினவன்டா நான்" என்று அவர் சொன்னபோது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

உண்மையான புரோக்கர் நம் பணத்தைத் திருப்பித் தர வரி கேட்க மாட்டார். லாபத்துக்கான வரியை நாமேதான் வருமான வரிக் கணக்கில் காட்டிக் கட்டுகிறோம். பணத்தை எடுத்தால் நாம் பதிவு செய்த வங்கிக் கணக்குக்கு மட்டுமே வரும். 2025 அக்டோபர் 1 முதல், புரோக்கருக்குப் பணம் அனுப்பும் யுபிஐ முகவரிக்குள் வேலிட் என்ற சொல் இருக்கும்படி செபி ஏற்பாடு செய்திருக்கிறது. அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் உயர்த்திய படம் தெரியும். செபி செக் என்ற வசதியில் வங்கிக் கணக்கு எண்ணையும் சரிபார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, புரோக்கரின் திரையைப் பார்த்துத் திருப்திப்படாமல், டெபாசிட்டரியின் தளத்திலேயே ஒரு தனி நுழைவு வாங்கி, பெட்டகத்தை நேராக எட்டிப் பாருங்கள். சிடிஎஸ்எல்லில் அதற்கு ஈஸி என்று பெயர். காசு வாங்குவதில்லை.

அந்த நண்பருக்குப் போன வருஷம் நானே உட்கார்ந்து கணக்கு தொடங்கிக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் முடியவில்லை. இரண்டு மத்தியானம் ஆயிற்று. ஆதாரில் பழைய போன் எண் இருந்தது, முதல் நாள் அதற்கே போய்விட்டது. இப்போது மாதம் ஏதோ கொஞ்சம் போடுகிறார். எவ்வளவு என்று நான் கேட்பதில்லை.

மணி அடித்துவிட்டார்கள். சாப்பாடு ஆனதும் நூலகத்துத் திண்ணையில், பழைய வேப்பமரத்துப் பக்கம், நானும் அந்த நண்பரும் உட்கார்ந்திருப்போம். கணக்கு தொடங்க வேண்டியவர்களும், தொடங்கிவிட்டுப் பயந்துகொண்டிருப்பவர்களும் வரலாம். பான் அட்டை, ஆதார், சார்ஜ் உள்ள போன், படிக்கிற கண்ணாடி நாலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கடவுச்சொல்லை மட்டும் எங்களிடம் சொல்லாதீர்கள்.