செவிலியர் பதிவும் சட்டத் துணையும்
(காரியாபட்டி வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இது வானம் பார்த்த பூமி. கருவேல மரம் வெட்டியும், கரிமூட்டம் போட்டும், அடுத்தவர் காட்டில் களை எடுத்தும் நம் தாய்மார்கள் பெண் மக்களைப் படிக்க வைத்தார்கள். அவர்களுள் செவிலியரானோர் பலர். ஊருக்குள் நம்மைத் தொடத் தயங்கியவர்களின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் பணி அது. அதன் பெருமையை இங்குப் பலரும் பேசிவிட்டனர். அந்தப் பணியைக் காப்பது எப்படி என்பதைப் பற்றி நாம் சிறிது சிந்திக்க வேண்டும். உழுது விதைத்தவன் வேலி கட்ட மறந்தால் விளைச்சல் வீடு வந்து சேராது.

செவிலியர் ஒருவருக்கு இரண்டு காப்புகள் உண்டு. ஒன்று, அவர் பார்க்கும் வேலை. மற்றொன்று, பதிவேட்டில் உள்ள அவர் பெயர். 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், தாதியர் சட்டத்தின் வழியே அமைந்த குழுமம் நம் மாநிலத்தில் அந்தப் பதிவேட்டைப் பேணி வந்திருக்கிறது. 2023இல் நாடாளுமன்றம் தேசிய அளவில் புதிய ஆணையச் சட்டம் ஒன்றை இயற்றியுள்ளது. அமைப்பு எதுவாயினும், பெயரைச் சேர்க்கும் அதிகாரத்தோடு நீக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. வேலை போனால் வேறு மருத்துவமனையைத் தேடலாம். பதிவேட்டிலிருந்து பெயர் போனால் தொழிலே போயிற்று. ஆகவே வேலையிடத்தில் எழும் குற்றச்சாட்டு சிறிதாயினும், அது பதிவுவரை செல்லக்கூடும் என்பதை மனத்திற்கொள்ள வேண்டும்.

பெரும்பாலும் நடப்பது என்ன? வார்டில் நோயாளி ஒருவருக்குத் தீங்கு நேர்கிறது. உறவினர் கூடிக் கூச்சலிடுகின்றனர். இரவுப் பணியில் இருந்த செவிலியரை அழைத்து, "மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடு, விட்டுவிடுகிறோம்" என்கின்றனர். அவரும் அஞ்சி எழுதிக் கொடுக்கிறார். பின்னர் அந்தத் தாளே அவருக்கு எதிரான முதற் சான்றாகிறது. கேட்பார் இல்லாத குடும்பத்துப் பெண் என்றால் இது இன்னும் எளிதாக நடக்கிறது.

கேளாமல் தண்டிக்கலாகாது என்பதே இயற்கை நீதி. அரசுப் பணியாளரைக் குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரித்து, மறுமொழி கூற வாய்ப்பளிக்காமல் நீக்க முடியாது என்று அரசியல் சட்டத்தின் 311ஆம் பிரிவு கூறுகிறது. தற்காலிகப் பணியில் இருப்பவரையும் தண்டனையாக நீக்குவதாயின் இக்காப்பு உண்டு என்று 1957இல் திங்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பம்பாய்த் துறைமுக ஊழியர் ஒருவரின் வழக்கையும் இங்கு நினைவுகூர்தல் தகும். நிர்வாகம் தன் பக்கம் சட்டம் பயின்ற அதிகாரிகளை நிறுத்திவிட்டு, ஊழியருக்கு வழக்கறிஞர் துணையை மறுத்தது. அது நியாயமான வாய்ப்பு ஆகாது என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குற்றவியல் சட்டத்திலும் ஒரு செய்தி உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டுவரை சிறை என்கிறது. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது அவ்வாறு செய்திருந்தால் இரண்டு ஆண்டுவரைதான். அந்தச் சலுகை மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்க்கே உரியது, செவிலியர்க்கு இல்லை. ஒரே கட்டிலருகே நின்ற இருவருக்கு இரண்டு அளவுகோல்கள். ஆகவே செவிலியர் இரட்டிப்பு விழிப்போடு இருத்தல் வேண்டும்.

நம் பெண்களுக்கு நாம் கூறுவன இவை. மருந்து கொடுத்த நேரத்தையும், மருத்துவருக்குத் தகவல் சொன்ன நேரத்தையும் அப்போதே குறிப்பேட்டில் எழுதுங்கள், பிற்பாடு திருத்தாதீர்கள். வாய்மொழி உத்தரவை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். குறிப்பாணை வந்தால் பெற்ற நாளைக் குறித்துக் கையொப்பமிடுங்கள். ஆவண நகல்களைக் கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். சட்டம் அறிந்தவரைக் கலக்காமல் விளக்கம் எழுதாதீர்கள். கெடு தவறவும் விடாதீர்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் எங்கே என்று கேட்கலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவில், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமையைத் தந்துள்ளது. நீதிமன்றத்தில் மட்டுமன்றி, பிற அதிகார அமைப்புகளின்முன் நடக்கும் நடவடிக்கைக்கும் அது பொருந்தும். நம் மாவட்டத்துக்கான ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளது. தொலைபேசி எண் 15100. உயர் நீதிமன்றத்தை நாட வேண்டுமாயினும் சென்னைவரை செல்ல வேண்டுவதில்லை. 2004 முதல் மதுரையிலேயே அதன் கிளை இயங்குகிறது.

உரிமை பறிபோனால் நீதிமன்றத்தை நாடும் உரிமையையே அரசியல் சட்டத்தின் உயிர் என 1948இல் அண்ணல் அம்பேத்கர் குறிப்பிட்டார். அந்த உயிரை நம் வீட்டுப் பெண்கள் அறிய வேண்டாமா? இருபத்தைந்து ஆண்டுகள் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் துணை நின்ற இச்சங்கம், இனி குறிப்பாணை வந்த நாளிலும் துணை நிற்க வேண்டும். நம் இளம் வழக்கறிஞர்கள் இருவர் மூவர் அடங்கிய சிறு குழு ஒன்றை இவ்வாண்டே அமைப்போம். தனித்து நிற்கும் பெண்ணுக்கு அருகில் ஒருவர் வந்து அமர்ந்தாலே பாதி அச்சம் தீரும். மீதியைச் சட்டம் பார்த்துக்கொள்ளும்.